ஜேஆர்எஃப்புக்குக் காத்திருப்பதா, இப்போதே சேர்வதா? கலைப்புல முனைவர் பட்டத்துக்கான பண வழிகள், ஓர் ஒப்பீடு

தமிழ், வரலாறு, மெய்யியல், மொழியியல் என்று கலைப்புலங்களில் முதுகலை முடித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற மாதாந்திர ஆய்வு உதவித்தொகை (ஃபெலோஷிப்) கிடைக்கும்வரை காத்திருக்கவா, கிடைத்த நெறியாளரிடம் இப்போதே பதிவு செய்துவிடவா? கூடவே வேறு கேள்விகளும் வரும். வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்யலாமா? வெளிநாட்டுக்கு முயலலாமா? மாநில அரசு ஏதும் தருகிறதா?

அறிவியல் துறைகளில் நெறியாளரின் ஆய்வுத் திட்டத்திலேயே மாணவருக்குச் சம்பளம் கிடைக்க வழியிருக்கிறது. கலைப்புலத்தில் அது அரிது. இங்கே மாணவர்தான் பணத்தைக் கொண்டுவர வேண்டும். அதனால் தலைப்பையும் நெறியாளரையும் தேடும் அதே அக்கறையோடு பண வழியையும் தேட வேண்டியிருக்கிறது. பணம் இல்லாமல் நடுவில் நின்றுபோகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் நிற்பவை அல்ல. மூன்றாம் ஆண்டில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் நிற்பவை.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் முதலில் பார்ப்பது மாதத் தொகையை. நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பணம் எத்தனை ஆண்டு வரும் என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை. ஆவணக் காப்பகத்தில் தேடி, களத்துக்குப் போய், சுவடியோ பழைய இதழோ படித்து எழுதும் ஆய்வு மூன்றாண்டில் முடிவது கடினம். ஐந்து ஆண்டு என்று கணக்குப் போடுவதே பாதுகாப்பு. இரண்டு ஆண்டுக்கு மட்டும் வரும் உதவி என்றால் மீதி மூன்றுக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பணம் எப்போது கைக்கு வரும். மூன்றாவது, அது உங்கள் நேரத்தில் எவ்வளவை விலையாகக் கேட்கும். நான்காவது, உங்கள் தலைப்பும் நீங்கள் சேரும் நிறுவனமும் அதற்குத் தகுதியா. இவற்றுக்குப் பிறகுதான் தொகை.

| வழி | தொகை | காலம் | மொத்தம், தோராயமாக |
|---|---|---|---|
| ஜேஆர்எஃப் | மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் | 5 ஆண்டு வரை | 24 லட்சம் + வீட்டு வாடகைப்படி |
| மத்தியப் பல்கலைக்கழக நெட் அல்லாத உதவி | மாதம் 8,000 | 4 ஆண்டு | 3.84 லட்சம் |
| முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை | மாதம் 25,000 | 3 ஆண்டு | 9 லட்சம் |
| ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை ஊக்கத்தொகை | ஆண்டுக்கு 1 லட்சம் | ஆண்டுதோறும் விண்ணப்பம் | ஆண்டுகளைப் பொறுத்தது |
| ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம்) | மாதம் 20,000 | 2 ஆண்டு | 4.8 லட்சம் |
| வேலையோடு பகுதிநேரம் | உங்கள் சம்பளம் | வேலை இருக்கும்வரை | சம்பளத்தைப் பொறுத்தது |

## ஜேஆர்எஃப்

உள்நாட்டில் இதற்கு இணை இல்லை. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். பிறகு ஒரு குழு உங்கள் ஆய்வை மதிப்பிட்டு எஸ்ஆர்எஃப்பாக (முதுநிலை ஆய்வாளராக) உயர்த்தினால் 42,000. விடுதியில் இடம் இல்லையென்றால் ஊருக்கு ஏற்றபடி வீட்டு வாடகைப்படி தனி. சென்னை போன்ற பெருநகரில் அதுவே மாதத் தொகையில் கால் பங்குக்கு மேல் வரும். கலைப்புலத்துக்கு கண்டின்ஜென்சி என்ற பெயரில் முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. புத்தகம், நகலெடுப்பு, பயணம் எல்லாம் இதற்குள்தான்.

தொகையைவிடப் பெரிய நன்மை, இது உங்களோடு வரும் பணம் என்பது. மத்தியப் பல்கலைக்கழகமோ மாநிலப் பல்கலைக்கழகமோ, அங்கீகாரமுள்ள இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால் போதும். நெறியாளரிடம் பேசும்போதும் நீங்கள் தலைநிமிர்ந்து பேசலாம். எந்தத் தலைப்பு என்றாலும் தடையில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது வயது: ஜேஆர்எஃப்புக்கு 30 வயது வரம்பு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு. இரண்டாவது, தேர்வின் மொழி. தமிழ்ப் பாடத்தின் இரண்டாம் தாள் தமிழிலேயே வரும். ஆனால் 50 வினாக்கள் கொண்ட முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. வரலாறு எடுத்தவர்களுக்கு இரண்டு தாளுமே அப்படித்தான். தமிழ்வழியில் படித்துத் தன் பாடத்தில் கெட்டிக்காரராக இருக்கும் மாணவர் முதல் தாளின் தரவு விளக்கக் கேள்விகளிலும் ஆங்கிலப் பத்தியிலும் மதிப்பெண்ணை இழப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இது நியாயமில்லை. இருந்தாலும் விதி மாறும்வரை, முதல் தாளுக்குத் தனியாக ஆறு மாதம் ஒதுக்குவதுதான் நான் சொல்லக்கூடிய வழி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எதையும் விடாமல் எழுதுங்கள்.

மூன்றாவது, காத்திருப்பு. தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும். ஆனால் 2024 ஜூன் 18-ஆம் தேதி நடந்த தேர்வு மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை மீண்டும் நடந்தது. அந்த ஆண்டின் பல்கலைக்கழகச் சேர்க்கை அட்டவணையை நம்பியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். நான்காவது, பணம் வரும் முறை. பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்தால்தான் தொகை வரும். ஒரு அலுவலர் விடுப்பில் போனாலே மாதம் தள்ளும். சேர்ந்த பின் முதல் தொகை வரச் சில மாதங்கள் ஆவது வழக்கம். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்போ கைமாற்றோ இல்லாமல் வெளியூர் போய்ச் சேராதீர்கள்.

இன்னொன்று: இது சம்பளம் இல்லை. பொதுவாக வருமான வரி பிடித்தம் கிடையாது என்பது நல்லது. ஆனால் வருங்கால வைப்புநிதி கிடையாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளோடு தொகை நின்றுவிடும்; வாய்மொழித் தேர்வு நடக்கும்வரை உள்ள இடைவெளிக்கு எதுவும் வராது.

ஜேஆர்எஃப் கிடைக்காமல் நெட் தகுதி மட்டும் கிடைத்தால் சோர்ந்துபோக வேண்டாம். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஆனால் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

## நெட் வழியாகவும் நெட் இல்லாமலும் வரும் தேசிய ஃபெலோஷிப்கள்

பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பட்டியல் சாதியினருக்கு ஆண்டுக்கு 2,000, பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000, பழங்குடியினருக்கு 750 என்று தேசிய ஃபெலோஷிப்கள் இருக்கின்றன. தொகை ஜேஆர்எஃப் அளவுதான். முதல் இரண்டும் நெட் எழுதி ஜேஆர்எஃப் பட்டியலில் வராதவர்களுக்கு அடுத்த வாசல். பழங்குடி மாணவர்களுக்கானது முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தரப்படுகிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022-இல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. அந்த இடத்தை இன்றுவரை எதுவும் நிரப்பவில்லை.

பெற்றோருக்கு ஒரே குழந்தையாக இருக்கும் பெண்களுக்கு சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் யுஜிசி ஃபெலோஷிப் தருகிறது. இதற்கு நெட் வேண்டாம். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு அறிவிப்பைத் தேடப் போகலாம்.

இவற்றின் குறை தாமதம். அமைச்சகங்களின் நிதி ஒதுக்கீட்டையும் தேர்வுப் பட்டியலையும் நம்பி இருப்பதால், தொகை மாதக்கணக்கில் தேங்குவது அடிக்கடி செய்தியாகிறது. தொகை உறுதி, நாள் உறுதியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## மத்தியப் பல்கலைக்கழகத்தின் 8,000 ரூபாய்

புதுச்சேரி, திருவாரூர், ஐதராபாத், ஜேஎன்யு போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் எந்த ஃபெலோஷிப்பும் இல்லாமல் முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. 2015 அக்டோபரில் இதை நிறுத்த யுஜிசி முடிவெடுத்தபோது மாணவர்கள் தில்லியில் யுஜிசி அலுவலக வாசலிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடித்தான் இது இன்றும் இருக்கிறது. தொகை மட்டும் அன்று இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஜேஆர்எஃப் அந்தக் காலத்துக்குப் பிறகு இரண்டு முறை ஏறிவிட்டது. ஒரே துறையில், ஒரே நெறியாளரிடம், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு 37,000, இன்னொருவருக்கு 8,000 என்பது வெட்கக்கேடான இடைவெளி.

ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். விடுதி, மலிவான உணவகம், நல்ல நூலகம் மூன்றும் உள்ள வளாகத்தில் 8,000 என்பது மாநிலக் கல்லூரி ஒன்றில் எதுவுமே இல்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு மேல். சேர்ந்துகொண்டே நெட் எழுதலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால், தேர்வு முடிவு வந்த நாள், ஆய்வில் சேர்ந்த நாள் இவற்றில் எது பிந்தியதோ அன்றிலிருந்து மாறிக்கொள்ளலாம். விடுதி இடம் உறுதியில்லை என்றால் மட்டும் கணக்கு கவிழ்ந்துவிடும். வெளியே அறை எடுத்தால் இந்தத் தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே காணாது. சேர்க்கைக்கு முன்பு துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நம் மாணவர்கள் பெரும்பாலும் சேர்வது அங்கேதான்.

## மாநில அரசின் வழிகள்

முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் 120 பேருக்கு மாதம் 25,000 ரூபாய், மூன்று ஆண்டு. இதில் பாதி கலை, மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கு. ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கிறது. அரசுக் கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ முழுநேரமாகச் செய்பவர்களுக்கு நெட்டுக்கு அடுத்த நல்ல வாய்ப்பு இதுவே. இடங்கள் குறைவு, மூன்று ஆண்டோடு நிற்கும் என்பவை குறைகள். நெட்டுக்குப் படித்தது இதற்கும் உதவும் என்பதால் இரண்டையும் ஒன்றாகத் தயார் செய்யலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு முழுநேர ஆய்வுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. முன்பு 50,000 ஆக இருந்தது இரட்டிப்பாகியிருக்கிறது. குடும்ப வருமான வரம்பு பார்ப்பார்கள். மாதத்துக்குப் பிரித்தால் 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். தனியாக இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பல்கலைக்கழகக் கட்டணம், ஆய்வேட்டுக் கட்டணம், களப்பயணம் ஆகியவற்றை இது தாங்கும். ஊரிலேயே வீட்டில் இருந்து ஆய்வு செய்பவருக்கு நல்ல உதவி.

## ஐசிஎஸ்எஸ்ஆர், ஐசிஎச்ஆர்

இவை இரண்டும் ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு. ஐசிஎஸ்எஸ்ஆர் மாதம் 20,000 ரூபாயும் ஆண்டுக்கு 20,000 கண்டின்ஜென்சியும் இரண்டு ஆண்டுக்குத் தருகிறது. இந்திய வரலாற்று ஆய்வு மன்றமான ஐசிஎச்ஆர் வரலாற்று ஆய்வாளர்களுக்கு மாதம் 17,600 ரூபாய், அதுவும் இரண்டு ஆண்டு. ஐசிஎஸ்எஸ்ஆரில் நெட் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்காமல் ஆய்வுத் திட்ட வரைவைப் பார்த்துத் தருகிறார்கள். அதனால் தேர்வு எழுதுவதில் பின்தங்கி, நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பொருத்தம்.

இதை எப்போது எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். பதிவு செய்த உடனே வாங்கினால் பாடநெறியிலும் நூல் தேடுவதிலும் பணம் தீர்ந்து, எழுதும் காலத்தில் கை காலியாகும். ஆவணங்களைத் திரட்டிவிட்டு எழுத உட்காரும் இரண்டு ஆண்டுக்கு இதை வைத்துக்கொள்வது நல்லது. இலக்கியம் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐசிஎஸ்எஸ்ஆர் சமூக அறிவியலுக்கானது. 'சங்கப் பாடல்களில் உவமை' என்ற தலைப்பு அங்கே நிற்காது. நாட்டார் வழக்காறு, சாதி, இதழியல் வரலாறு போன்ற தலைப்புகளுக்கு இடமுண்டு. அதற்காகத் தலைப்பைத் திரித்து விண்ணப்பிக்காதீர்கள்; ஐந்து ஆண்டு அந்தத் தலைப்போடு வாழப்போவது நீங்கள்தான்.

## வேலையோடு பகுதிநேரம்

2022 விதிமுறை பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கிறது. வேலை தரும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். பாடநெறியையும் முடிக்க வேண்டும். ஃபெலோஷிப் எதுவும் கிடையாது.

பணி நிரந்தரமான பள்ளி ஆசிரியர், அரசு ஊழியர், வங்கிப் பணியாளர் இவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மாதச் சம்பளம், வைப்புநிதி, குடும்பப் பாதுகாப்பு எல்லாம் இருக்கும்போது 37,000-க்காக அதை விடுவதில் பொருளில்லை. விலை, நேரம். காப்பகங்கள் வேலை நாளில், அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ வேலை இருக்கும் தலைப்பு என்றால் உங்கள் ஈட்டிய விடுப்பு முழுவதும் அங்கேயே போகும். வீட்டில் வைத்துப் படிக்கக்கூடிய நூல்களையோ, நீங்கள் வேலை செய்யும் ஊரையே களமாகவோ கொண்ட தலைப்பு பகுதிநேரத்துக்கு ஏற்றது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நெறியாளரிடம் பேசிவிடுங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களின் நிலை வேறு. அரசுக் கல்லூரியில் மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்குப் 11 மாதம். 2.75 லட்சத்தில் ஓர் ஆண்டைக் கடத்தி, வாரம் முழுக்க வகுப்பும் எடுத்து, இரவில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் இதற்கும் குறைவாகவே தருகிறார்கள். இவர்களில் 35 வயதுக்கு உட்பட்டு, வயதுத் தளர்வும் உள்ளவர்கள் ஓராண்டு நெட்டுக்கு உழைத்துவிட்டு முழுநேரத்துக்கு மாறுவது பணக் கணக்கிலேயே லாபம். ஜேஆர்எஃப்பின் ஓராண்டுத் தொகை 4.44 லட்சம், படி தனி. அதற்கு வகுப்பும் எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முழுநேரமாகப் பதிந்து ஃபெலோஷிப்பும் வாங்கிக்கொண்டு, மறைவாகக் கல்லூரியிலும் வேலை பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தெரியவந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பதிவுக்கும் ஆபத்து.

## வெளிநாடு

அமெரிக்காவில் நல்ல துறையில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்தே வரும், ஐந்தாறு ஆண்டுக்கு. பதிலுக்கு இளங்கலை வகுப்புகளில் கற்பிக்க வேண்டும். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வளாக வேலைக்கு அனுமதி. மனைவியோ கணவரோ உடன் வந்தால் அவர்கள் வேலை செய்ய முடியாது. இரண்டு பேர் அந்த ஒரு தொகையில் வாழ வேண்டும் என்பது மணமானவர்கள் கவனிக்காமல் விடும் செலவு. விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி, ஏழெட்டு இடம் என்றால் அரை லட்சம் ரூபாயைத் தாண்டும்; கேட்டால் விலக்குத் தரும் இடங்களும் உண்டு. ஆங்கிலத்தில் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதை எழுதித் திருத்தவே ஓராண்டு ஆகலாம்.

இப்போதைய காலமும் சரியில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில் பல கலை, சமூக அறிவியல் துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகமும் கலைப்புலத் துறைகள் பலவற்றில் அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிறுத்தியது. முயலுங்கள், ஆனால் அது ஒன்றையே நம்பி உள்நாட்டுத் தேர்வை எழுதாமல் இருக்காதீர்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 1,400 யூரோ அளவில் இருக்கிறது. கலைப்புலத்தில் ஆய்வாளர் பணியிடம் கிடைத்தாலும் பெரும்பாலும் பாதிநேரம் அல்லது 65 சதவீதப் பணியாகவே இருக்கும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 2022-இல் வந்த மாற்றம் கலைப்புலத்தை நேராகத் தாக்குகிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அதில் இனி இடமில்லை. தன் சமூகத்தின் வரலாற்றை ஆராய விரும்பும் ஒரு தலித் மாணவருக்கு இதைவிட நேரடியாகக் கதவை அடைக்க முடியாது. இந்த விதி திரும்பப் பெறப்பட வேண்டும். அதுவரை, இந்தியா பற்றிய தலைப்போடு இதில் விண்ணப்பித்து ஓராண்டை வீணாக்காதீர்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. இங்கேயே பதிந்துகொண்டு, ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப்பில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய் வரலாம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள காலனிய ஆவணங்கள் தேவைப்பட்டால், சில வாரங்களுக்கு சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது. ஜேஆர்எஃப்பும் இதில் ஒன்றும் கைகூடினால், பொருள் நெருக்கடி இல்லாமல் உலகத் தரத்தில் ஓர் ஆய்வைச் செய்ய முடியும்.

## அப்படியென்றால் யாருக்கு எது

வயது 27-க்குள், வீட்டில் ஓராண்டு தாங்குவார்கள் என்றால் பதிவுக்கு அவசரப்படாதீர்கள். நெட், முதலமைச்சர் உதவித்தொகைத் தேர்வு இரண்டையும் எழுதுங்கள். பதிவு செய்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பணமில்லாத இரண்டு ஆண்டை அதில் கரைப்பது பெரிய இழப்பு.

வீடு தாங்காது, ஆனால் வெளியூர் போக முடியும் என்றால் விடுதி உள்ள மத்தியப் பல்கலைக்கழகம். வெளியூர் போக முடியாத சூழல், குறிப்பாகக் குழந்தையை வைத்திருக்கும் பெண்களுக்கு, அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் முழுநேரப் பதிவும், தகுதி இருந்தால் மாநில ஊக்கத்தொகையும். மூன்றாம் ஆண்டில் ஐசிஎஸ்எஸ்ஆர். முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் மகப்பேறு விடுப்புக்கு விதியில் இடமிருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நிரந்தர வேலையில் இருப்பவர் பகுதிநேரம்.

இந்த வகை எதிலும் அடங்காமல் வயதும் கடந்து, நெறியாளர் மட்டும் தயாராக இருக்கிறார் என்றால், பதிவுக் கட்டணத்துக்கு முன் ஒரு தாளை எடுத்து ஆண்டுக் கட்டணம், பயணம், நகல், தட்டச்சு, ஆய்வுச் சுருக்கக் கட்டணம், ஆய்வேட்டுக் கட்டணம் என்று ஐந்து ஆண்டுக்கும் எழுதுங்கள். துறை அலுவலகத்திலும், அதே நெறியாளரிடம் அண்மையில் முடித்த மாணவரிடமும் கேட்டால் உண்மையான தொகை தெரியும். கட்டுரை வெளியிடப் பணம் கேட்கும் இதழ்களுக்கு அந்தத் தாளில் இடம் தர வேண்டாம். 2022 விதிமுறையில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.